உள்ளறைக்கு வந்த மலசலகூடம்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் கழிவுநீர் வரலாறு பற்றிய ஓர் ஆய்வுக் குறிப்பு

1. முன்னுரை

வீடுகளின் வரலாற்றை ஆராய்ந்தோர் தலைவாசல், திண்ணை, முற்றம், அடுக்களை ஆகியவை பற்றி விரிவாக எழுதியுள்ளனர். குடும்ப உறவும் சாதியமைப்பும் பொருளுற்பத்தி முறையும் அவற்றின் அமைப்பில் எவ்வாறு பதிந்துள்ளன என்பதையும் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆனால் வளவின் கோடிப்புறத்திலே ஒதுங்கி நின்ற மலசலகூடம் ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளப்பட்டமை அரிது. அக்கூடம் இன்று வளவைக் கடந்து வீட்டினுள் மட்டுமன்றிப் படுக்கையறையின் உள்ளேயே வந்து சேர்ந்துள்ளது. திருகோணமலை நகரிலும் அதனைச் சூழவுள்ள துறைமுகப் பகுதிகளிலும் புதிதாக வீடு கட்டுவோரும் பழைய வீட்டை விரிப்போரும் அறையோடிணைந்த மலசலகூடமொன்றை இன்றியமையாததாகவே கருதுகின்றனர்.

அவ்வாறு கட்டும்போது இரு வினாக்கள் எழுகின்றன. கழிவுநீரை எவ்வழியாக எங்கே கொண்டுசெல்வது? குழாயினுள் எழும் வாயுவை எவ்வாறு வெளியேற்றுவது? இவை வெறும் கட்டட நுட்ப வினாக்களாகவே பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றுக்கு ஒரு சமூக வரலாறும் உண்டு என்பதையும், அவ்வரலாற்றை அறியாது இடப்படும் திட்டம் வீட்டுக்காரரின் இடர்ப்பாட்டைத் தீர்த்து அயலாரின் இடர்ப்பாட்டைப் பெருக்குவதாக முடியலாம் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொற்கள் கூறும் வரலாறு

மலசலகூடம் வீட்டின் பகுதியாக இருக்கவில்லை என்பதற்கு நம் மொழியே முதற் சான்றாகும். ‘வெளிக்குப் போதல்’, ‘கொல்லைக்குப் போதல்’, ‘ஒதுங்குதல்’ என்பன இன்றும் வழக்கிலுள்ள தொடர்கள். இவை யாவும் வீட்டைவிட்டு நீங்குதலையே குறிப்பன. கடற்கரையும் பற்றைக்காடும் பனங்கூடலும் இத்தேவைக்கு உரிய இடங்களாக இருந்த காலத்தின் எச்சங்களாக இவற்றைக் கொள்ளலாம். மக்கள் நெருக்கமற்ற ஊரில் மண்ணும் வெயிலும் இக்கழிவைச் செரித்துக்கொண்டன. மக்கள் நெருங்கி வாழத் தொடங்கிய நகரிலே அவ்வாறு நிகழ இயலாது.

இதற்கென ஒரு கட்டடம் எழுந்தபோது அதற்கான பெயர் அயலிலிருந்து வந்தது. ‘கக்கூசு’ என்னும் சொல் ஒல்லாந்த மொழியின் ‘காக்ஹௌஸ்’ என்பதன் திரிபாகும். 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இடையிடையே அதனை இழந்தபோதிலும், 1795இல் பிரித்தானியர் கைப்பற்றும்வரை இத்துறைமுகத்தோடு தொடர்புற்றிருந்தனர். கோட்டையும் பண்டகசாலையும் விறாந்தையும் அமைத்த அவர்களது மொழி, இக்கூடத்துக்கும் பெயர் தந்து சென்றது. சிங்கள மொழியிலும் இதே சொல் வழங்குதல் கருதத்தக்கது. ‘மலசலகூடம்’ என்ற வடமொழிக் கலப்புச் சொல் பின்னர் அலுவலக வழக்காகவும் கற்றோர் வழக்காகவும் நிலைபெற்றது. ‘வெளி’யிலிருந்து ‘கூடம்’ வரையான இச்சொற்பெயர்ச்சி, அக்கூடம் படிப்படியாக இல்லத்தை நெருங்கி வந்த வரலாற்றையும் ஓரளவு காட்டுகின்றது.

3. பங்களாவின் பின்கதவு

படுக்கையறையோடு இணைந்த மலசலகூடம் குழாயும் நீர்த்தொட்டியும் வந்த பின்னர்தான் தோன்றியது என எண்ணுதல் தவறாகும். பிரித்தானியர் ஆட்சிக்குட்பட்ட தென்னாசியாவில் அதிகாரிகள் வாழ்ந்த பங்களாக்களில் ஒவ்வொரு படுக்கையறையோடும் குளியலறையொன்று சேர்ந்திருத்தல் பெருவழக்கு. அங்கே நீரால் அடித்துச் செல்லும் ஏற்பாடு இருக்கவில்லை. இருந்தது மரப்பெட்டிக்குள் வைக்கப்பட்ட ஒரு கலம். அவ்வறைக்கு இரு கதவுகள் இருந்தன. ஒன்று படுக்கையறைக்குத் திறப்பது. மற்றது வெளியே திறப்பது. வெளிக்கதவு துப்புரவுத் தொழிலாளி வருவதற்கானது. அவர் வீட்டினூடே நடவாமலும் வீட்டார் கண்ணிற் படாமலும் கலத்தை எடுத்துச் சென்று கழுவி மீளவைக்க வேண்டும் என்பதற்காகவே அக்கதவு அமைக்கப்பட்டது.

இவ்வமைப்பிலே கழிவு செல்லும் வழி ஒரு மனிதரே ஆவார். நீர்க்குழாய் செய்ய வேண்டிய பணியை அவரது கையும் தலையும் செய்தன. பிற்காலக் கட்டடக்கலை பெரிதும் போற்றும் தனிமை, சாதியமைப்பின் துணைகொண்டே இங்கு முதலிற் பெறப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இலங்கையின் நகரங்களிலே இப்பணியைச் செய்யும் பொருட்டு உள்ளூராட்சி அமைப்புகள் தென்னிந்தியாவிலிருந்து, சிறப்பாகத் தமிழ் மாவட்டங்களிலிருந்து, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த குடும்பங்களைத் தொழிலாளராகக் கொண்டுவந்தன. அவர்கள் நகரின் ஒதுக்குப்புறத்தில் வரிசைக் குடியிருப்புகளில் வைக்கப்பட்டனர். வாளி முறை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையும் பல நகரங்களில் நீடித்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியமை பலரும் அறிந்ததே. நகரங்களைத் துப்புரவாக்கிய இந்திய வம்சாவளியினர் பலரும் அதே சட்டத்தின் தாக்கத்துக்கு உள்ளாயினர் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. மலையாளத்தில் தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் வெளியிட்ட ‘தோட்டியின் மகன்’ என்னும் நாவல் ஆலப்புழை நகரை வைத்து இவ்வாழ்வைச் சித்திரித்தது. ஈழத்து நகரங்களின் துப்புரவுத் தொழிலாளர் பற்றிய ஆழ்ந்த ஆய்வு இன்னமும் வேண்டற்பாலது.

4. நாற்றம் பற்றிய கொள்கையும் நீரடைப்பும்

மனிதர் சுமந்த இடத்திற் குழாய் வந்தமைக்குக் காரணமாக அமைந்தது தொழிலாளர்பாற் கொண்ட இரக்கமன்று. நோயச்சமே அதற்கு முதன்மைக் காரணம். திருகோணமலைக் கல்லறையொன்று அவ்வச்சத்தின் தன்மையை உணர்த்தும். கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தலைமைத் தளபதியாயிருந்த சார்ள்ஸ் ஒஸ்ரின் 1852 அக்டோபரில் பர்மாவின் ஐராவதி ஆற்றிலே வாந்திபேதியால் இறந்து திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்டார். நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் இளைய சகோதரர் இவர். பெரும் போர்க்கப்பல்களுக்குத் தலைமை தாங்கியவரையும் கீழ்த்தளக் கப்பலோட்டியையும் ஒரே நோய் ஒருங்கே கொன்ற காலம் அது. நோயின் காரணம் அப்போது தெளிவாகவில்லை.

அழுகிய பொருளிலிருந்து எழும் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்பது அந்நாளைய ஆட்சியாளரும் மருத்துவரும் பெரிதும் ஏற்றிருந்த கொள்கை. 1842இல் எட்வின் சட்விக் வெளியிட்ட அறிக்கையும் 1848ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் இக்கொள்கையின் அடிப்படையிலேயே எழுந்தன. வாந்திபேதி நீரினாலே பரவுகின்றது என்று 1849இல் எழுதிய ஜோன் சினோ, 1854இல் இலண்டனின் புறோட் வீதி நீரிறைப்பியைச் சுற்றி நேர்ந்த சாவுகளைக் கொண்டு அதனை நிறுவ முயன்றார். அவர் கூற்று உடனடியாக ஏற்கப்படவில்லை. 1858இல் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்தையே வருத்திய பின்னரே ஜோசப் பசல்கெற்றின் பெருங் கழிவுநீர்த் திட்டத்துக்கு வழி பிறந்தது. 1871இல் வேல்ஸ் இளவரசர் நெருப்புக் காய்ச்சலுக்கு ஆளானபோது, குழாய்வழி வீட்டினுட் புகும் வாயு பற்றிய அச்சம் செல்வர் இல்லங்களையும் ஆட்கொண்டது.

இவ்வச்சத்தின் பயனாகவே இன்று நாம் கையாளும் இரு ஏற்பாடுகள் செம்மையுற்றன. அவற்றின் இயக்கத்தைச் சற்று விளக்குதல் வேண்டும்.

முதலாவது நீரடைப்பு. மலக்கிண்ணத்தின் அடியிலுள்ள குழாயை வளைத்து, அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் நிற்குமாறு செய்வதே இதன் தத்துவம். அந்நீர் கழிவைச் செல்லவிடும். வாயுவைத் திரும்ப விடாது. இலண்டனில் வாழ்ந்த ஸ்கொத்லாந்துக் கடிகாரத் தொழிலாளரான அலெக்சாந்தர் கமிங் 1775இல் இவ்வளைகுழாய்க்குக் காப்புரிமை பெற்றார். வழக்கமாக ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் ஆழமுள்ள நீரே அறைக்கும் மலத்தாங்கிக்கும் இடையில் அரணாக நிற்கின்றது.

இரண்டாவது காற்றுக்குழாய். நீரடைப்பு மட்டும் போதாதென்பது நடைமுறையில் விரைவில் வெளிப்பட்டது. மேல்மாடியிலிருந்து ஒரு தொட்டி நீர் நிலைக்குத்துக் குழாயினுள் ஒரே திரளாக விழும்போது அதன் பின்னே காற்றழுத்தம் குறைகின்றது. முன்னே காற்று நெருக்குண்கின்றது. அழுத்தம் குறைந்த இடத்தில் இணைந்துள்ள வளைகுழாயின் நீர் உறிஞ்சப்பட்டுப் போய்விடும். நெருக்குண்ட இடத்தில் வாயு நீரைத் துளைத்து அறைக்குள் எழும். கைகழுவும் கிண்ணத்திலிருந்து கேட்கும் ‘களகள’ ஓசை இதன் அறிகுறியே. குழாயை வெளிக்காற்றோடு இணைத்துவிட்டால் இருபுற அழுத்தமும் சமப்படும். தாங்கியிலெழும் வாயுவும் கூரைக்கு மேலே கலைந்துவிடும். 1870களிலும் 1880களிலும் இம்முறை விரிவாகக் கைக்கொள்ளப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் பிரித்தானியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் செய்த பரிசோதனைகள், குழாயின் அளவும் இணைப்புகளின் தூரமும் சரியாக அமைந்தால் நிலைக்குத்துக் குழாயொன்றே காற்றுக்குழாயாகவும் பயன்படும் எனக் காட்டின. நம் வீடுகளின் சுவரோரம் கூரைக்கு மேல் நீண்டு நிற்கும் பீ.வீ.சீ. குழாய் இந்நெடிய வரலாற்றின் விளைவேயாகும்.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டுதல் அவசியமாகும். நீரடைப்பையும் காற்றுக்குழாயையும் செம்மைப்படுத்தியோர் பலர், நாற்றமே நோய் என்ற கொள்கையை நம்பியிருந்தனர். 1883, 1884ஆம் ஆண்டுகளில் றொபேட் கொக் வாந்திபேதிக் கிருமியை எகிப்திலும் கல்கத்தாவிலும் இனங்கண்டபோது சினோவின் கருத்து வலுப்பெற்றது. நோய் முதன்மையாக நீரினூடாகவே பரவுகின்றது என்பது தெளிவாயிற்று. ஆயினும் காற்றைப் பற்றிய கவலை அடியோடு பிழையாகிவிடவில்லை. 2003இல் ஹொங்கொங்கின் அமோய் தோட்டக் குடியிருப்பில் 300க்கு மேற்பட்டோர் சார்ஸ் நோய்க்கு உள்ளாயினர். குளியலறைத் தரையிலுள்ள வளைகுழாய்கள் நீரின்றி உலர்ந்திருந்தமையும், காற்றை வெளியேற்றும் விசிறிகள் குழாய்க் காற்றை அறைக்குள் இழுத்தமையும் அந்நிகழ்வில் முக்கிய பங்கு வகித்தன என ஆராய்ந்தோர் முடிவு செய்தனர்.

எனினும் பழைய கொள்கையின் நிழல் இன்றும் நம் வீடமைப்பிலே படிந்துள்ளது. நாற்றம் இல்லையெனின் கேடும் இல்லையென நாம் எளிதில் நம்பிவிடுகின்றோம். காற்றுக்குழாய் தன் பணியைச் செவ்வனே செய்யும் வீட்டில், கழிவுநீர் இறுதியில் எங்கே சேர்கின்றது என்ற வினா எழுவதே இல்லை.

5. மணலும் கிணறும்

அவ்வினாவுக்குத் திருகோணமலையின் நிலவமைப்பிலே விடை தேட வேண்டும். நகரின் பழைய பகுதி, கிழக்கே திறந்த கடலுக்கும் மேற்கே உட்டுறைமுகத்துக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலமாகும். கரையோரம் மணற்பாங்கானது, கோணேசர் ஆலயம் அமைந்துள்ள சுவாமிமலையும் உவர்மலை போன்ற மேட்டுப்பகுதிகளும் பாறைப்பாங்கானவை. மணலிலே விடப்படும் கழிவுநீர் விரைந்து கீழிறங்கி நிலக்கீழ் நீரோடு கலக்கின்றது. பாறையிலே விடப்படும் நீரோ கீழிறங்க இடமின்றிச் சரிவுவழியே வழிகின்றது. முன்னதில் கேடு கண்ணுக்குத் தெரிவதில்லை. பின்னதில் கேடு தாழ்ந்த வளவிலுள்ளாரைச் சென்றடைகின்றது.

துறைமுகத்தின் ஆழமும் பாதுகாப்பும் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் இங்கே கடலின் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைந்தது. ஆகவே நிலத்தால் சூழப்பட்ட உட்பகுதியின் நீரைப் பெருங் கடல்வற்று நாள்தோறும் கழுவிச்செல்லும் என எதிர்பார்த்தல் இயலாது. கப்பல்களுக்கு அரணாயமைந்த அதே இயல்பு கழிவு தங்குவதற்கும் ஏதுவாகின்றது.

கொழும்பு நகர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாய்த் தொகுதியைப் பெறலாயிற்று. ஆசியாவின் முதன்மையான கடற்படைத் தளங்களுள் ஒன்றாகப் பேணப்பட்டு, 1942 ஏப்ரல் 9இல் யப்பானியரின் குண்டுவீச்சுக்கு உள்ளாகி, 1957இல் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்ட திருகோணமலையோ நகர் முழுமைக்குமான அத்தகைய தொகுதியொன்றைப் பெறவில்லை. இலங்கை மக்களுள் மிகச் சிறு பகுதியினரே குழாய்வழிக் கழிவுநீர்த் தொகுதிகளோடு இணைக்கப்பட்டுள்ளனர். ஏனையோர் தத்தம் வளவிலுள்ள குழியையோ தாங்கியையோ நம்பியுள்ளனர். அதாவது கூடம் நவீனமடைந்த வேகத்தில் அதன் முடிவிடம் நவீனமடையவில்லை.

குழாய்நீர் வந்தமை இம்முரண்பாட்டைக் கூர்மையாக்கிற்று. கந்தளாய்க் குளத்தின் நீர் சுத்திகரிக்கப்பட்டு நகருக்கு வந்ததனால் வீட்டினுள் நீர்த்தொட்டி வைத்த மலசலகூடம் இயலுவதாயிற்று. கிணற்றிலிருந்து அள்ளிய வாளி நீரால் கழுவிய காலத்தில் நிலத்தினுட் சென்ற கழிவுநீர் சிறிதளவே. பழைய தொட்டிகள் ஒவ்வொரு முறையும் 9 லீற்றர் அளவில் நீரை விடுத்தன. குழாய்நீர் உள்ளோர் கிணற்றை மறந்தனர். குழாய்நீர் அற்றோரும், அது தடைப்படும் காலத்தில் அனைவரும், கிணற்றையே நாடுகின்றனர். ஆகவே ஒருவர் பெற்ற வசதியின் சுமை மற்றொருவரின் குடிநீரில் இறங்குகின்றது.

நிலத்துண்டுகளின் அளவை நோக்கின் இது மேலும் தெளிவாகும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடி தூரம் வேண்டும் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாகக் கூறப்பெறும் அளவு. 10 பேர்ச் நிலம் ஏறத்தாழ 2,722 சதுர அடியாகும். அது சதுரமாக அமையின் ஒரு பக்கம் 52 அடி. ஒரு மூலையிற் கிணறும் எதிர்மூலையிற் குழியும் அமைத்தால் அவ்வளவினுள் விதி காக்கப்படலாம். ஆனால் அக்குழி வேலிக்கு அப்பாலுள்ள மூன்று வளவுகளின் கிணறுகளுக்கு எவ்வளவு அண்மையில் உள்ளது? 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் முதலாக நம் கட்டட அனுமதி முறை ஒவ்வொரு நிலத்துண்டையும் தனித்தனியே நோக்கிப் பழகியுள்ளது. நிலக்கீழ் நீரோ உறுதிப் பத்திரத்தின் எல்லைகளை அறியாதது. தனியுடைமைக்கும் பொதுவளத்துக்கும் இடையிலான முரண்பாடு இச்சிறு வளவிலேயே முழுமையாகக் காணப்படுகின்றது.

வாடைக்கால மழை இன்னொரு காரணியாகும். மாவட்டத்தின் மழையிற் பெரும்பகுதி அக்டோபருக்கும் சனவரிக்கும் இடையில் பெய்கின்றது. அப்போது நிலக்கீழ் நீர்மட்டம் எழுந்து ஊறல்குழியின் அடியைத் தொடுகின்றது; கோடையில் நன்கு இயங்கிய குழி நிரம்பி, மலசலகூடமும் பின்வாங்குகின்றது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர் முதலிய கரையோரங்களைத் தாக்கியபோது கிணறுகளில் உப்புநீரும் மலக்குழி நீரும் ஒருங்கே புகுந்தன. அப்பேரழிவின் பின் நீர், சுகாதாரப் பணிகளில் ஈடுபட்டிருந்த பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் 2006 ஆகஸ்ட் மாதத்தில் மூதூரிலே சுட்டுக் கொல்லப்பட்டனர். கிணற்றைத் துப்புரவாக்குவதும் கழிவறை அமைப்பதும் உயிரைப் பணயம் வைத்த பணிகளாக இருந்த காலம் இம்மாவட்டத்தின் அண்மைய வரலாற்றில் உண்டு என்பதை மறத்தலாகாது.

6. திட்டமிடுதற்குரிய சில முடிவுகள்

மேற்கூறிய வரலாற்றின் ஒளியில் புதிய மலசலகூடத்தின் அமைப்பை நோக்குவோம்.

முதலில் தாங்கியின் இடத்தைத் தீர்மானித்துப் பின்னரே அறையின் இடத்தைத் தீர்மானித்தல் வேண்டும். நடைமுறையிலோ இது தலைகீழாகவே நிகழ்கின்றது. தாங்கி தம் கிணற்றுக்கு மட்டுமன்றி அயற் கிணறுகளுக்கும் தொலைவில் அமைய வேண்டும். அது நீர் கசியாததாகவும் இரு பிரிவுடையதாகவும் இருத்தல் நன்று. அடியைக் கட்டாது மண்ணில் திறந்துவிடும் குழி, மணல்நிலத்தில் கிணற்றுக்கே வழிகாட்டும். நீர்மட்டம் உயரும் இடங்களில் ஆழமான ஊறல்குழியைத் தவிர்த்து, மணலை மேடாக்கி அதன்மேல் ஆழமற்ற ஊறற்படுகை அமைக்கலாம். குளித்த நீரை மலத்தாங்கிக்கு விடாது வாழைக்கு விடும் பழைய வழக்கம் தாங்கியின் சுமையைக் குறைப்பது.

மலக்குழாய் 100 மில்லிமீற்றர் விட்டமுடையதாய், 40க்கு 1 முதல் 80க்கு 1 வரையான சரிவில், இயன்றளவு நேராகச் செல்லவேண்டும். திசை மாறும் இடந்தோறும் மூடியுள்ள பார்வைக்குழி வேண்டும். ஆகவே அறையை வெளிச்சுவரோரம் அமைத்தலே தக்கது. வீட்டின் நடுவே அமைத்துத் தரையின் கீழ் நெடுந்தூரம் குழாயை இழுத்தால், அடைப்பு நேரும்போது தரையையே உடைக்க நேரிடும்.

காற்றுக்குழாய் கூரைக்கு மேலே, அண்மையிலுள்ள யன்னல்களிலும் உயர்ந்து நிற்க வேண்டும். 3 மீற்றர் தூரத்துள் யன்னல் இருப்பின் அதன் மேல்விளிம்பிலும் 900 மில்லிமீற்றர் உயர்த்துவது பிரித்தானிய வழக்கு. சோளகமும் வாடையும் மாறி வீசும் இக்கரையில் இரு பருவத்துக் காற்றையும் கருதியே அதன் இடத்தைத் தெரிதல் வேண்டும். அதன் வாயில் நுளம்பு வலை இடாவிடின் மலத்தாங்கி நுளம்புப் பண்ணையாகிவிடும். பொழிகுழாய்த் தரைக்கும் கைகழுவும் கிண்ணத்துக்கும் தனித்தனி நீரடைப்பு வேண்டும். கிண்ணத்து நீரைத் தரை வளைகுழாயினூடே செலுத்தினால் அது உலராதிருக்கும். இது இங்கே சிறப்பாக வேண்டப்படுவது. புலம்பெயர்ந்தோரின் வீடுகள் பல மாதங்கள் பூட்டிக் கிடக்கின்றன. கச்சான் வீசும் கோடையில் நீரடைப்பு சில வாரங்களிலேயே வற்றிவிடும். திறப்பை வைத்திருக்கும் உறவினர் இடையிடையே சென்று ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு வாளி நீர் ஊற்றுவதே இதற்குப் போதிய பரிகாரம்.

இறுதியாக, தாங்கியை ஒருநாள் வெறுமையாக்க வேண்டும் என்பது வரைபடத்திலேயே இடம்பெறல் வேண்டும். தாங்கியின் மீது அறை கட்டியோ சீமெந்துத் தளம் இட்டோ மறைத்துவிட்டால் கலி பவுசரின் குழாய் அதனை எட்டாது. பின்னர் ஒரு மனிதரையே உள்ளே இறக்க நேரும். மலத்தாங்கியில் தேங்கும் ஐதரசன் சல்பைட்டு, மெதேன் ஆகிய வாயுக்கள் இறங்கியவரைச் சில நொடிகளில் வீழ்த்த வல்லன. இந்தியா 1993இலும் 2013இலும் மனிதரைக்கொண்டு மலம் அள்ளுவித்தலைத் தடைசெய்யும் சட்டங்களை இயற்றிய பின்னரும் இத்தகைய சாவுகள் ஓயவில்லை. திவ்யபாரதி 2017இல் ‘கக்கூஸ்’ என்னும் பெயரிலேயே உருவாக்கிய தமிழ் ஆவணப்படம் இதனைப் பலர் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

7. முடிவுரை

பங்களாவின் பின்கதவால் வந்து சென்ற தொழிலாளியின் சுமையை நீரடைப்பும் காற்றுக்குழாயும் குறைத்தன என்பதில் ஐயமில்லை. அவ்வகையில் அவை மனித விடுதலைக்குத் துணைசெய்த கருவிகளே. ஆனால் கழிவைக் கண்ணுக்கும் மூக்குக்கும் மறைத்த அதே கருவிகள், கழிவு சேரும் இடம் பற்றிய பொறுப்பையும் மறைத்துவிட்டன. பொதுக் கழிவுநீர்த் தொகுதியற்ற மணல்நகரில் ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் அறையை மணமுள்ளதாக்கிக் கொள்வதால் நகர் தூய்மையுறாது.

தனிவீடுகளின் கவனம் இதனை ஓரளவே தீர்க்கும். கிணறுகளின் நீரைக் காலமுறைப்படி பரிசோதித்தல், கட்டட அனுமதியின்போது அயற் கிணறுகளையும் வரைபடத்திற் காட்டுவித்தல், அகற்றப்படும் மலக்கசடு எங்கே கொட்டப்படுகின்றது என்பதைக் கண்காணித்தல், நெருங்கிய குடியிருப்புகளுக்கேனும் பொதுச் சுத்திகரிப்பு ஏற்பாடு செய்தல் ஆகியவை உள்ளூராட்சியினதும் அரசினதும் கடமைகளாகும். நிலவியல், பொறியியல், சமூகவியல் ஆகிய துறைகளைச் சார்ந்தோர் திருகோணமலையின் கிணறுகளையும் குழிகளையும் ஒருங்கே ஆராய்ந்து தமிழில் எழுத முன்வருதல் வேண்டும். வீடு கட்டும் மக்களும் மேசன்மாரும் அத்தகைய நூல்களைத் தம் மொழியிலேயே பெறும்போதுதான், உள்ளறைக்கு வந்த மலசலகூடம் அயலாருக்கும் தீங்கற்றதாக அமையும் என்பது எமது துணிபு.